கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாச்சு: வங்கி மீது வழக்கு போட இனி வழி உண்டா?

"சைன் போட்டாச்சு, இனிமே என்னா செய்ய முடியும்?"

வங்கியோடு பிரச்சினை வந்த வீடுகளில் முதலில் கேட்கும் பேச்சு இதுதான். முகப்பில் இருந்த அதிகாரி சொன்னது ஒன்று, பிறகு தபாலில் வந்தது இன்னொன்று என்று தெரிந்தாலும், கையெழுத்து நம்முடையதுதானே என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மலேசியச் சட்டம் கையெழுத்துக்குப் பெரிய மதிப்புக் கொடுக்கிறது. ஆனால் நீதிமன்றக் கதவையே சாத்திவிடும் அளவுக்கு ஒரு வங்கி தன் ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ள முடியாது. தவறான தகவலைச் சொல்லி வாங்கிய கையெழுத்தும் முழுப் பலம் பெறாது. எது முடியும், எது முடியாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ரந்தாவ், சிலியாவ், லாபு, லிங்கி, பஹாவ், தம்பின் என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்ட வேலையை விட்டு வெளியே வந்த குடும்பங்களைப் பார்க்கலாம். தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றாலோ நிலம் கைமாறினாலோ வீட்டைக் காலி செய்ய வேண்டும். சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் பழைய தோட்ட நிலங்கள் பல இன்று தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. மலேசியா விஷன் வேலி 2.0 திட்டமும் இந்த இரண்டு மாவட்டங்களில்தான் வருகிறது.

அதனால் லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் வங்கிக்குப் போய்ப் போடும் முதல் பெரிய கையெழுத்து, பெரும்பாலும் வீட்டுக் கடனுக்காக இருக்கிறது. அரசாங்கமும் இந்த வழியை ஊக்குவித்திருக்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் மலிவு விலை வீடு வாங்க பேங்க் சிம்பானான் நேஷனல் மூலம் 4 விழுக்காடு வட்டியில் கடன் கொடுக்கும் திட்டம் 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. திருப்பிச் செலுத்தும் காலம் 40 ஆண்டுகள் வரை. பெற்றோரால் முடியாததைப் பிள்ளைகள் தொடரலாம்.

40 ஆண்டு, இரண்டு தலைமுறை. அப்பா இன்று போடும் கையெழுத்து மகனின் சம்பளத்தையும் கட்டிப்போடலாம். அந்தப் பத்திரமோ மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய பெரியவர் ஒருவர் அதை வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார் என்று எதிர்பார்க்க முடியுமா?

சி.ஐ.எம்.பி. வங்கி வழக்கில் என்ன நடந்தது?

வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் நடந்த வழக்குகளில் இந்த நாட்டில் அதிகம் பேசப்படுவது 2018ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்த சி.ஐ.எம்.பி. வங்கி வழக்கு. தோட்டத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் தாமான் வீடு வாங்கும் யாருக்கும் அதே நிலை வரலாம்.

ஒரு தம்பதி, கட்டுமானத்தில் இருந்த ஒரு சொத்தை வாங்க 7 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் வங்கியில் கடன் எடுத்தார்கள். இப்படிப்பட்ட கடனில் முழுப் பணமும் ஒரேயடியாகப் போகாது. கட்டுமானம் முன்னேற முன்னேற மேம்பாட்டாளர் விலைப்பட்டியல் அனுப்புவார், வங்கி கட்டம் கட்டமாகப் பணம் கொடுக்கும். இந்த வழக்கில் ஒரு கட்டத்துக்கான விலைப்பட்டியலுக்கு வங்கி நேரத்துக்குப் பணம் செலுத்தவில்லை. மேம்பாட்டாளர் விற்பனை ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டார்.

தம்பதி வங்கி மீது வழக்குப் போட்டார்கள். வங்கி கடன் ஒப்பந்தத்தின் 12ஆம் விதியைக் காட்டியது. வருமான இழப்பு, இலாப இழப்பு, சேமிப்பு இழப்பு, மறைமுக இழப்பு, சிறப்பு இழப்பீடு என எதற்கும் வங்கி பொறுப்பாகாது என்பது அந்த விதியின் சாரம். அந்த விதியின் காரணமாக உயர்நீதிமன்றத்தில் தம்பதி தோற்றார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கடைசியில் கூட்டரசு நீதிமன்றமும் தம்பதி பக்கமே நின்றது.

நீதிமன்றம் காட்டியது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவை. ஓர் ஒப்பந்தத்தின் கீழ் தனக்குள்ள உரிமைக்காக ஒருவர் வழக்கமான நீதிமன்ற வழியில் போவதை முற்றாகத் தடுக்கும் எந்த ஏற்பாடும் செல்லாது என்கிறது அந்தப் பிரிவு. "நாங்கள் வழக்குப் போடுவதைத் தடுக்கவில்லையே, இழப்பீட்டைத்தானே தடுத்தோம்" என்ற வாதம் எடுபடவில்லை. வழக்குப் போடலாம், ஆனால் ஜெயித்தாலும் ஒன்றும் கிடைக்காது என்றால் அந்த உரிமைக்குப் பொருளே இல்லை என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. வங்கி கொடுக்கும் அச்சடித்த ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்ற நடைமுறையையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது.

அப்படியென்றால் வங்கியின் எல்லா விதிகளும் செல்லாதா?

இல்லை. இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பொறுப்பை முழுசாகக் கழற்றிவிடும் விதிதான் அந்த வழக்கில் அடிபட்டது. இழப்பீட்டுக்கு ஒரு வரம்பு வைக்கும் விதி செல்லலாம். தகராறை நடுவர் தீர்ப்புக்கு அனுப்பும் விதிக்கு 29ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது.

அதே பிரிவில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. வழக்குப் போடும் காலத்தை ஒப்பந்தத்தின் மூலம் சுருக்க முடியாது. ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் 6 ஆண்டு கொடுக்கிறது. "மூணு மாசத்துக்குள்ள போடலன்னா உரிமை போச்சு" என்று ஒரு பத்திரம் சொன்னால், அந்த வரி சட்டத்தின் முன் நிற்காது. அதற்காக 6 ஆண்டு முழுதும் காத்திருக்காதீர்கள். நாள் போகப் போக அதிகாரிகள் மாறுவார்கள், சாட்சிகளின் நினைவு மங்கும்.

"அதிகாரி வாயால சொன்னாரு": அது செல்லுமா?

"வட்டி ஏறாது", "இந்தக் காப்புறுதி கட்டாயம், எடுக்கலன்னா கடன் கிடைக்காது", "இடையில் கட்டி முடித்தால் அபராதம் இல்லை." இப்படிச் சொன்னது உண்மை இல்லை என்று பிறகு தெரிந்தால் அதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மோசடியைப் பற்றியது, 18ஆம் பிரிவு தவறான தகவலைப் பற்றியது. ஏமாற்றும் நோக்கம் இல்லாமல் சொன்னாலும், சொன்னது தவறு என்றால் 18ஆம் பிரிவுக்குள் வரும். அதை நம்பித்தான் நீங்கள் சம்மதித்தீர்கள் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையை 19ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது.

ஆனால் அதே 19ஆம் பிரிவில் ஒரு விலக்கு ஒளிந்திருக்கிறது. சாதாரண கவனம் இருந்தாலே உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், தவறான தகவலைக் காட்டி ரத்து செய்ய முடியாது. வங்கித் தரப்பு வழக்கறிஞர் கேட்கும் கேள்வி எளிமையானது: "மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறதே, ஏன் படிக்கவில்லை?"

சாட்சியச் சட்டமும் இங்கே குறுக்கே வரும். எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருந்தால் அதற்கு எதிரான வாய்ப்பேச்சைப் பொதுவாக ஏற்கக் கூடாது என்கின்றன அதன் 91, 92ஆம் பிரிவுகள். ஆனால் இதற்கும் விலக்கு உண்டு. 1980இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு கடை வாடகை வழக்கில் தீர்ப்பளித்தது. 14,000 ரிங்கிட் 'டீ காசு' கொடுத்தால் விரும்பும் வரை கடையில் இருக்கலாம் என்று வாடகைக்கு இருந்தவர்களுக்கு வாய்மொழியாக வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கையெழுத்தான பத்திரம் வேறு மாதிரி சொன்னது. அந்த வாக்கை நம்பியே கையெழுத்து விழுந்ததால், வாக்குத்தான் நிற்கும் என்று நீதிமன்றம் சொன்னது.

ஆகவே வாய்ச்சொல்லுக்கும் பலம் உண்டு, நிரூபிக்க முடிந்தால். வங்கியிடம் பத்திரம் இருக்கும், கோப்பு இருக்கும். உங்களிடம் நினைவு மட்டும் இருந்தால், அந்த வாக்குறுதி கொடுக்கப்பட்டதாகவே நீதிமன்றம் ஏற்காமல் போகலாம்.

படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால்?

இதற்கு உலகில் எல்லா நீதிமன்றங்களும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. இரண்டு வழக்குகளைப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

முதலாவது இங்கிலாந்தில் நடந்தது. 78 வயது விதவை ஒருவர், மூக்குக் கண்ணாடி உடைந்திருந்ததால் படிக்காமல் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். வீட்டைத் தன் நெருங்கிய உறவினர் ஒருவருக்குத் தானமாக எழுதுவதாக நினைத்தார். உண்மையில் அது வேறொருவருக்கு விற்கும் பத்திரம். வாங்கியவர் வீட்டை அடமானம் வைத்துப் பணத்தைக் கட்டவில்லை. 1970இல் பிரபுக்கள் சபை அடமானம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. என்ன பத்திரம் என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்தான் விளைவைத் தாங்க வேண்டும், அதை நம்பிக் கடன் கொடுத்த நிறுவனம் தாங்கக் கூடாது என்பது அதன் போக்கு.

இரண்டாவது 1983இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு. இத்தாலியிலிருந்து குடியேறிய வயதான பெற்றோர், ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்கள். மகனின் நிறுவனக் கடனுக்காகத் தங்கள் சொத்தை வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுத்தார்கள். பொறுப்பு 50,000 டாலர் மட்டும், அதுவும் 6 மாதத்துக்கு என்று நம்பினார்கள். பத்திரத்தில் எந்த வரம்பும் இல்லை. மகனின் நிறுவனம் தத்தளிப்பது வங்கிக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது. நீதிமன்றம் அந்த ஈட்டை ரத்து செய்தது.

முதல் வழக்கில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அந்த அம்மாவின் நிலைமை தெரியாது. இரண்டாவதில் எதிரே இருப்பவர்களுக்கு விஷயம் புரியவில்லை என்பதை உணரக்கூடிய நிலையில் வங்கி இருந்தது, விளக்கவில்லை. மலேசிய நீதிமன்றங்களை இந்த வெளிநாட்டுத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நீதிபதியின் முன் இதே கேள்வி வரும்: உங்களுக்குப் புரியவில்லை என்பது வங்கிக்குத் தெரிந்திருந்ததா?

அதனால் "எனக்கு ஆங்கிலம் தெரியாது, யாராவது விளக்குங்க" என்று கையெழுத்துக்கு முன்பே கேட்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. அப்படிக் கேட்டதை எழுத்தில் பதிய வைப்பது உங்களுக்கான பாதுகாப்பு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கடன் பத்திரத்தைத் தயாரிக்கும் வழக்கறிஞருக்குப் பணம் கட்டுவது நீங்கள். ஆனால் அவர் வழக்கமாக வங்கியின் சார்பில் செயல்படுபவர். "லாயர் பார்த்துக்குவாரு" என்று நினைத்தால், அவர் பார்த்துக்கொள்வது வங்கியின் நலனை.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் நிலை என்ன?

தோட்டத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கும், மச்சானின் காருக்கும் ஜாமீன் போடுவது சாதாரணம். 2017இல் நொடிப்புச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, கல்விக் கடன், சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனக் கடன், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடன் ஆகியவற்றுக்கு இலாப நோக்கமின்றி ஜாமீன் போட்டவரை நொடித்தவராக அறிவிக்க முடியாது. ஆனால் கடன் பொறுப்பு மறைந்துவிடாது. வங்கி அவர் மீது வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கலாம். வியாபாரக் கடனுக்குப் போட்ட ஜாமீனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

வங்கி மீது தப்பு என்றால் தவணையை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வீடு கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடமானம் பதிவான வீட்டுக்குத் தவணை நின்றால், தேசிய நிலச் சட்டத்தின் கீழ் ஏல உத்தரவு கேட்டு வங்கி போகலாம். அதைத் தடுக்க நீங்கள் காட்டக்கூடிய காரணங்கள் மிகக் குறைவு என்று 1990களிலேயே கூட்டரசு நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. "பாக்கிக் கணக்கு தப்பு" என்று மட்டும் சொன்னால் ஏலம் பொதுவாக நிற்காது. பாக்கி இவ்வளவு என்று வங்கி கொடுக்கும் சான்றிதழையும் நீதிமன்றம் சாதாரணமாக ஏற்கும். அதில் வெளிப்படையான பிழை இருக்கிறது என்று காட்டுவது கடனாளியின் வேலை என்று 2006இல் அதே நீதிமன்றம் சொன்னது.

ஒப்பந்தத்தை ரத்து செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரத்தானால், அதன் மூலம் பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடன் ஒப்பந்தத்தில் நீங்கள் பெற்றது பணம். அந்தப் பணமோ வீடாக நிற்கிறது. ஆகவே பல வழக்குகளில் ரத்தைக் கேட்பதைவிட, தவறான தகவலால் வந்த இழப்புக்கு ஈடு கேட்பதே வாடிக்கையாளருக்கு நடைமுறையில் பயன்படும்.

தவணை கட்ட முடியாத நிலை என்றால், கடன் ஆலோசனை மற்றும் நிர்வாக நிறுவனமான ஏ.கே.பி.கே.யிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். அது யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லாது. தவணையை மாற்றியமைக்க உதவும்.

வழக்குக்கு முன்னால் எங்கே போகலாம்?

வழக்குக்குச் செலவு அதிகம், காலமும் அதிகம். அதற்கு முன் மூன்று படிகள் இருக்கின்றன.

முதல் படி, அந்த வங்கியின் புகார்ப் பிரிவு. புகாரை எழுத்தில் கொடுங்கள். யார், எப்போது, எந்தக் கிளையில், என்ன சொன்னார் என்று தெளிவாக எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ மின்னஞ்சல் பதிலோ கையில் இருக்கட்டும்.

இரண்டாவது படி, எஃப்.எம்.ஓ.எஸ். எனும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவை. முன்பு இருந்த நிதிச் சேவை ஒம்புட்ஸ்மனும் பங்குச் சந்தைத் தகராறுகளுக்கான மையமும் இணைந்து 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகின்றன. 2 லட்சத்து 50 ஆயிரம் ரிங்கிட் வரையிலான தகராறுகளை இங்கே கொண்டுபோகலாம். புகார் கொடுப்பவருக்குக் கட்டணம் இல்லை. வங்கியின் இறுதிப் பதில் கிடைத்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். 60 நாளாகியும் வங்கி பதில் தரவில்லை என்றாலும் போகலாம். அதன் முடிவை நீங்கள் ஏற்றால் வங்கி அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களிடமே இருக்கும். ஆனால் "எனக்கு ஏன் கடன் தரவில்லை" போன்ற வங்கியின் வணிக முடிவுகளை அது விசாரிக்காது. ஏற்கெனவே நீதிமன்றத்தில் உள்ள வழக்கையும் எடுக்காது.

மூன்றாவது, பேங்க் நெகாரா. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 123ஆம் பிரிவும் 7ஆவது அட்டவணையும், நிதிப் பொருளின் தன்மை, நிபந்தனை, விலை பற்றி வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கின்றன. முறையற்ற நெருக்குதல் கொடுப்பதற்கும் தடை உண்டு. இஸ்லாமிய வங்கிகளுக்கான சட்டத்திலும் இதே மாதிரித் தடை இருக்கிறது. இது முதன்மையாக பேங்க் நெகாரா நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுப்பதற்கான வழி. உங்கள் இழப்பை வாங்கிக் கொடுக்கும் வழி அல்ல. ஆனாலும் புகார் பதிவாவது முக்கியம். 1-300-88-5465 என்ற எண்ணில் பேங்க் நெகாராவை அழைக்கலாம்.

இதற்கும் மேல் நீதிமன்றம்தான் என்றால், வருமானம் குறைந்தவர்கள் சிரம்பானில் உள்ள சட்ட உதவித் துறைக் கிளையிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ முதலில் விசாரிக்கலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது என்ன?

கையெழுத்துக்கு முன்: பொருள் விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வட்டி, தவணை, அபராதம், காப்புறுதி எல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். வீட்டில் மலாய் படிக்கும் பிள்ளை இருந்தால் மலாய்ப் பிரதியைக் கேளுங்கள். ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். "இன்னைக்கே போடணும், நாளைக்கு ஆஃபர் இருக்காது" என்று யாராவது அவசரப்படுத்தினால், அதுவே நிதானிக்க வேண்டிய அறிகுறி.

கையெழுத்து அன்று: அதிகாரி வாயால் சொன்ன முக்கியமான விஷயத்தை அன்றைக்கே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அவருக்கே எழுதி அனுப்புங்கள். "ஐயா, வட்டி மூன்று வருடம் மாறாது என்று இன்று சொன்னீர்கள், சரிதானே?" இந்த ஒரு வரி போதும். அவர் "சரி" என்றால் அது சாட்சி. "இல்லை" என்றால் கையெழுத்துப் போடும் முன்பே உண்மை தெரிந்துவிடும்.

கையெழுத்துக்குப் பிறகு: பத்திரத்தின் முழுப் பிரதி, கடன் கடிதம், ஒவ்வொரு அறிக்கை, ரசீது, தபால் உறை வரை ஒரே கோப்பில் வையுங்கள். தாமான் வீடு கட்டிக்கொண்டிருக்கும்போது, மேம்பாட்டாளர் வங்கிக்கு அனுப்பும் ஒவ்வொரு விலைப்பட்டியலின் நகலையும் கேளுங்கள். வங்கி கட்டிவிட்டதா என்று நீங்களே அழைத்துக் கேளுங்கள். சி.ஐ.எம்.பி. வழக்கில் தம்பதி கைக்கு வரவிருந்த சொத்து போனது, செலுத்தப்படாத அப்படி ஒரு விலைப்பட்டியலால்தான்.